விமான இறக்கையின் உத்தரம் சேலத்தில் உருவாகுமா?

2018 பிப்ரவரியில் வந்த மத்திய பட்ஜெட்டில் இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று உத்தரப் பிரதேசத்துக்கு, மற்றொன்று தமிழ்நாட்டுக்கு. 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தமிழ்நாட்டு வழித்தடம் தொடங்கி வைக்கப்பட்டபோது சென்னை, ஓசூர், கோவை, திருச்சி ஆகிய ஊர்களோடு சேலத்தின் பெயரும் பட்டியலில் இருந்தது. அன்றிலிருந்து சேலத்திலும் நாமக்கல்லிலும் இந்தப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன. எத்தனை ஏக்கர்? எந்தக் கம்பெனி வருகிறது?

இவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. லாரியின் பாகத்தையும் விமானத்தின் பாகத்தையும் பிரிப்பது எது? இரண்டும் உலோகம்தான். இரண்டையும் அறுக்கிறார்கள், வளைக்கிறார்கள், துளை போடுகிறார்கள், ரிவெட் அடிக்கிறார்கள். பிறகு ஒன்றைச் செய்ய நூற்றுக்கணக்கான பட்டறைகள் இந்தப் பகுதியில் இருக்கும்போது, இன்னொன்றைச் செய்ய ஏன் இத்தனை தயக்கம்?

முழு விமானத்தையும் எடுத்துக்கொண்டால் கட்டுரை தாங்காது. ஒரே ஒரு பாகத்தை மட்டும் பார்க்கலாம். இறக்கைக்குள் வெளியே தெரியாமல் படுத்திருக்கும் உத்தரம். பொறியாளர்கள் இதை ஸ்பார் என்கிறார்கள்.

உத்தரம் எப்படி வேலை செய்கிறது?

ஓட்டு வீட்டுக் கூரையின் பாரத்தை உத்தரம் தாங்குவது போல, விமானத்தின் பாரத்தை இறக்கைக்குள் இருக்கும் ஸ்பார் தாங்குகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. கூரை உத்தரத்துக்கு இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறது. இறக்கையின் உத்தரத்துக்கு ஒரு பக்கம்தான் பிடிப்பு, மறுபக்கம் அந்தரம். ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு மாதிரி. சன்ஷேடைப் பாரம் கீழே அழுத்துகிறது, இறக்கையைக் காற்று மேலே தூக்குகிறது. ஆகவே பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்க்கிறது. அந்த வளைக்கும் விசை, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் மிக அதிகம். நுனியில் மிகக் குறைவு. அதனால்தான் இறக்கை அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்கிறது.

30 மி.மீ. அகலமும் 3 மி.மீ. கனமும் உள்ள ஓர் இரும்புப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கை வசத்தில் வைத்து அழுத்தினால் எளிதில் வளையும். அதையே நிமிர்த்தி விளிம்பில் அழுத்தினால் அசையாது. விறைப்பு 100 மடங்கு கூடிவிடுகிறது. உலோகம் அதே, எடை அதே, கூடுதல் செலவு ஒரு ரூபாய் கூடக் கிடையாது! உயரம்தான் வேலை செய்கிறது.

இதிலிருந்து பிறந்ததுதான் ஐ வடிவ உத்தரம். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, நடுவே மெல்லிய தகடு. வளையும்போது மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும்தான் பெரும் சுமையை ஏற்கின்றன. நடுத்தகட்டின் வேலை அவை இரண்டையும் தள்ளி நிறுத்துவதும், ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் பார்த்துக்கொள்வதும். பட்டைகளுக்கு இடையிலான தூரத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

அப்படியானால் இறக்கையை இன்னும் உயரமாகச் செய்துவிட்டால் போதாதா? போதாது. இறக்கை தடித்தால் காற்றின் எதிர்ப்பு கூடும். எனவே உத்தரத்தின் உயரத்துக்கு இறக்கையின் வடிவம் ஓர் எல்லை போட்டுவிடுகிறது. அந்த எல்லைக்குள் மீதிச் சுமையை உலோகத்தின் வலிமையும், அதை எங்கே வைக்கிறோம் என்ற கணக்கும்தான் ஏற்க வேண்டும்.

நடுத்தகட்டை எவ்வளவு மெல்லியதாக்கலாம் என்பதில் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. மெல்லிய தகடு பாரம் ஏறினால் சுருங்கி மடியும். மடிந்தால் தோற்றுவிட்டது என்றே முன்பு கருதினார்கள். 1929-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் வாக்னர் இதை மாற்றிக் காட்டினார். தகடு சுருங்கிய பிறகும் அதில் சாய்வான மடிப்புகள் உண்டாகி, கயிற்றுக் கட்டிலின் கயிறுகள் போல இழுவிசையைத் தாங்குகின்றன. சுற்றிலும் சட்டம் உறுதியாக இருந்தால் போதும் என்று கணக்கோடு நிறுவினார். விமானத்தின் எடை குறைந்ததற்கு இந்த ஒரு கணக்கும் பெரிய காரணம்.

ஒன்றரை மடங்குதான்

பெரிய பயணிகள் விமானத்தின் இறக்கை, விமானத்தின் எடையைப் போல இரண்டரை மடங்கு சுமையைச் சேதமின்றித் தாங்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் பாதுகாப்புக்காக வைக்கும் உபரி எவ்வளவு தெரியுமா? ஒன்றரை மடங்கு. அவ்வளவுதான்.

1995-இல் போயிங் 777 விமானத்தின் இறக்கையைச் சோதனைக் கூடத்தில் வேண்டுமென்றே ஒடித்துப் பார்த்தார்கள். நுனி சுமார் 24 அடி மேலே வளைந்த பிறகு, விதித்த சுமையில் 154 சதவீதத்தில் இறக்கை ஒடிந்தது. தேவைப்பட்டது 150. உபரியாக இருந்தது வெறும் 4. இது 200 சதவீதம் வரை தாங்கியிருந்தால் அந்த இறக்கை தேவையில்லாத எடையைச் சுமக்கிறது என்றுதான் வடிவமைப்பாளர்கள் சொல்லியிருப்பார்கள்!

லாரிப் பட்டறையின் வழி வேறு. ஓர் இடத்தில் சந்தேகம் வந்தால் இன்னொரு தகடு வைத்து வெல்டிங் அடிப்பார்கள். அது தவறே அல்ல. மேடு பள்ளமான சாலையில், அளவுக்கு மீறி ஏற்றப்படும் சுமையில், ஒரு பட்டை கூடுதலாக இருப்பது டிரைவரின் உயிரைக் காப்பாற்றும். அங்கே சந்தேகத்துக்கு மருந்து உலோகம்.

விமானத்தில் அந்த மருந்து கிடையாது. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு தகடு வைத்தால் விமானம் தரையை விட்டு எழும்பாது. ஆகவே சந்தேகத்தைச் சோதனையால் தீர்க்க வேண்டும். இந்தத் தகட்டின் வலிமை இவ்வளவு, இந்தத் துளையின் விளிம்பில் விரிசல் இல்லை, இந்த உலை இத்தனை டிகிரியில் இத்தனை மணி நேரம் எரிந்தது என்று ஒவ்வொன்றும் நிச்சயமாகத் தெரிய வேண்டும். தெரிந்ததை எழுதி வைக்கவும் வேண்டும். குறைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் பதிலாக அங்கே ஓர் ஆதாரம் நிற்கிறது. லாரியின் உத்தரத்தையும் இறக்கையின் உத்தரத்தையும் பிரிப்பது இதுதான். சேலம் வழித்தடத்தின் வெற்றி தோல்வியும் இதில்தான் இருக்கிறது.

உலோகத்தின் கதை

சுத்த அலுமினியம் மென்மையானது. 1906-இல் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் தோய்த்தார். நம்மூர்க் கொல்லர்கள் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தோய்ப்பது போலத்தான். அரிவாள் தோய்த்த உடனே கடினமாகும். வில்மின் கலவை உடனே கடினமாகவில்லை. சில நாட்கள் சும்மா வைத்திருந்த பிறகு தானாகவே இறுகியது. டியூரலுமின் பிறந்த கதை இதுதான்.

1936-இல் ஜப்பானின் சுமிடோமோ நிறுவனம் துத்தநாகம் சேர்த்த இன்னும் வலிய கலவையை உருவாக்கியது. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஜீரோ போர் விமானத்தின் இறக்கை உத்தரம் அந்தக் கலவையால் ஆனது. எடை குறைந்ததால் அதிக தூரம் பறந்தது அந்த விமானம். அதே குடும்பத்தைச் சேர்ந்த 7075 என்ற கலவை 1943-இல் அமெரிக்காவில் வந்தது. இன்றும் விமானத் தொழிலில் இந்த எண்ணுக்கு மரியாதை உண்டு.

7075-இல் சுமார் 5.6 சதவீதம் துத்தநாகம், 2.5 சதவீதம் மக்னீசியம், 1.6 சதவீதம் செம்பு. கிட்டத்தட்ட 470 டிகிரியில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 120 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 50 கிலோ பாரம் வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். சாதாரண இரும்பு தாங்குவது சுமார் 25 கிலோ. எடையோ இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எடைக்கு எடை கிட்டத்தட்ட ஆறு மடங்கு வலிமை.

இதே தகட்டைத் தவறாகப் பதப்படுத்தினால்? கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே பளபளப்பு, அதே எடை, அதே அளவு. வலிமை மட்டும் பாதியாக இருக்கலாம். இரும்பைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் அனுபவசாலியின் காதும் இங்கே உதவாது.

வலிமை மட்டும் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பறக்கும்போது இறக்கையின் மேல் பக்கம் அமுக்கப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுக்கப்படுகிறது. இழுபடும் பக்கத்தில் விரிசல் மெல்ல மெல்ல வளரும். அதனால் பல விமானங்களில் மேல் பக்கத்துக்கு 7075 குடும்பமும், கீழ்ப்பக்கத்துக்கு வலிமை சற்றுக் குறைந்தாலும் விரிசலை மெதுவாக வளரவிடும் 2024 குடும்பமும் பயன்படுத்தப்பட்டன. ஒரே உத்தரத்தின் மேலும் கீழும் வேறு வேறு உலோகம்! கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கொல்லிமலையிலிருந்து இறங்கியது எங்கே போனது?

அலுமினியம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் இருக்கிறது. மேட்டூரில் நீர்மின்சாரம் இருந்தது. இரண்டையும் சேர்த்து 1960-களில் மேட்டூரில் மதராஸ் அலுமினியம் கம்பெனி, அதாவது மால்கோ, உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு டன் அலுமினியத்துக்கு நான்கைந்து டன் பாக்சைட் வேண்டும். ஒரு கிலோவுக்குச் சுமார் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். 2008 இறுதியில் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது சிறிய, பழைய ஆலையால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. உருக்காலை நிறுத்தப்பட்டது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மலையிலிருந்து மண் இறங்கியது. மேட்டூரில் உலோகமானது. கட்டியாகவும் கம்பியாகவும் லாரியேறி வெளியே போனது. அந்த உலோகத்தைப் பதப்படுத்தி, சோதித்து, உத்தரமாக்கும் அடுத்த படி இங்கே வளரவில்லை. சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டு மாக்னசைட்டின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். உலகத் தரமான கனிமம், பெரும்பாலும் உலைகளுக்கான செங்கல்லாகப் போனது. 1980-களின் தொடக்கத்தில் வந்த சேலம் உருக்காலை மட்டும் விதிவிலக்கு. சேலம் ஸ்டெயின்லெஸ் என்றால் வீட்டுப் பாத்திரம் வரை ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் தரத்தால் வந்தது, தாதுவால் வந்ததல்ல.

மலையை மறுபடியும் சுரண்ட வேண்டும் என்று யாராவது இந்த இடத்தில் வாதம் செய்யலாம். தேவையில்லை. அலுமினியக் கட்டியை எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம். விலை கூடுவது கட்டியான பிறகுதான். கலவை செய்வது, உருட்டுவது, பதப்படுத்துவது, கடைவது, சான்று கொடுப்பது என்று ஒவ்வொரு படியிலும் மதிப்பு ஏறுகிறது. உயர்தரக் கலவைத் தகடுகளுக்கு இந்தியா இறக்குமதியை நம்பியிருந்ததால்தான், 2019-இல் நால்கோவும் மிதானியும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கி, ஆந்திராவின் நெல்லூரில் ஆலை அமைக்கத் திட்டமிட்டன. நெல்லூரில் பாக்சைட் மலை இருக்கிறது என்பதற்காக அல்ல!

பட்டறைகளின் பலம்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டாத தெருவைக் காண்பது கஷ்டம். திருச்செங்கோட்டில் கட்டப்படும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன, கடல் கடந்தும் போகின்றன. சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரிக் கணக்குத் தெரியும்.

உத்தரம் என்றால் என்ன என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேஸின் இரு பக்கமும் ஓடும் சேனல் ஓர் உத்தரம். குறுக்கே வரும் கிராஸ் மெம்பர் இன்னோர் உத்தரம். சேஸில் எங்கே துளை போடலாம், எங்கே போட்டால் ஒடியும் என்பது பத்தாவது கூடத் தாண்டாத மேஸ்திரிக்கும் தெரியும். ரிக் வண்டியின் நிமிர்ந்த மாஸ்ட், கோபுரம் போலக் கம்பிகளால் கட்டிய உத்தரம்தான். எடையின் அருமையும் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆர்.சி. புத்தகத்தில் காலி வண்டியின் எடை 500 கிலோ குறைந்தால், ஏற்றும் சரக்கு 500 கிலோ கூடும். விமானக் கம்பெனி செய்யும் கணக்கும் இதே கணக்குதான்.

ஆனால் கைத்திறன் இருக்கிறது, ஆகவே நாளையே இறக்கை செய்துவிடலாம் என்பது ஏமாற்றுப் பேச்சு. மேஸ்திரியின் அறிவு அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் ஓய்வு பெறுகிறது. எந்தத் தகடு எந்த லாட்டில் வந்தது என்று பல பட்டறைகளில் ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பதில் இருக்காது. லாரிக்கு அது தேவைப்படவில்லை, அதனால் யாரும் எழுதவில்லை.

இதே நாமக்கல்லில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ள ஒரு தொழிலும் இருக்கிறது. சமையல் எரிவாயு டேங்கர் லாரிகள்! தென்னிந்தியா முழுக்க ஓடும் இந்த வண்டிகளின் உரிமையாளர்களுக்கு நாமக்கல்தான் தலைமையிடம். அந்த டேங்கரின் மேல் யாரும் இஷ்டத்துக்கு வெல்டிங் வைக்க முடியாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்து சான்று வாங்க வேண்டும். சான்று இல்லாவிட்டால் வண்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் கேஸ் ஏற்ற மாட்டார்கள். காகிதமும் பாத்திரத்தின் ஒரு பகுதி என்ற உண்மையை இந்த ஊர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பழக்கத்தை அடுத்த பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் மீதி வேலை.

காகிதம் பொய் சொன்னால்

இது அளவுக்கு மீறிய பயம் என்று தோன்றினால் மூன்று சம்பவங்களைப் பார்க்கலாம்.

1948 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவில் மார்ட்டின் 2-0-2 வகை விமானம் ஒன்றின் இடது இறக்கை பறக்கும்போதே பிய்ந்து போனது. 37 பேர் இறந்தார்கள். இறக்கை உத்தரத்தின் ஓர் இணைப்பில், உலோக அயர்ச்சியால் உண்டான விரிசல்தான் காரணம். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவது போல, தாங்கக்கூடிய சுமையே மீண்டும் மீண்டும் வந்ததில் ஒடிந்தது.

2005 டிசம்பர் 19 அன்று மயாமி கடற்கரைக்கு அருகே ஒரு பழைய நீர்விமானத்தின் வலது இறக்கை பிரிந்து 20 பேர் இறந்தார்கள். அந்த இறக்கையில் அதற்கு முன்பே எரிபொருள் கசிந்திருக்கிறது. கசிவை அடைத்தார்கள், கசிவுக்குக் காரணமான விரிசலைச் சரியாகச் சீர் செய்யவில்லை. ஒட்டுப் போட்டு ஓட்டும் பழக்கத்தின் விலை அது.

மூன்றாவது சம்பவத்தில் யாரும் சாகவில்லை, ஆனால் பாடம் இதில்தான் அதிகம். 2009-லும் 2011-லும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் இரண்டு செயற்கைக்கோள்கள் ஏவிய சில நிமிடங்களிலேயே வீணாயின. இரண்டிலும் ராக்கெட்டின் மூக்குக் கூடு பிரியவில்லை. விசாரணை பல ஆண்டுகள் நடந்தது. கூட்டைப் பிரிக்கும் இணைப்பில் இருந்த அலுமினியப் பாகங்களைச் செய்து கொடுத்த சாபா என்ற நிறுவனத்தில், 19 ஆண்டுகளாக வலிமைச் சோதனைச் சான்றுகள் திருத்தப்பட்டது தெரியவந்தது. தோற்ற எண்களை அழித்துத் தேறிய எண்களை எழுதியிருக்கிறார்கள். நாசாவின் நஷ்டம் 70 கோடி டாலருக்கு மேல். நிறுவனம் 2019-இல் கட்ட ஒப்புக்கொண்டது 4.6 கோடி டாலர்.

வரவு செலவு படித்தவர்களுக்கு இந்தக் குற்றம் நன்றாகப் புரியும். இது பொய் வவுச்சர். பொய் வவுச்சரில் பணம் போகும், பொய்ச் சான்றில் இறக்கை போகும். மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் விமானத்தில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதத் தேவையில்லை.

பணம் எங்கே சிக்குகிறது?

நவீன ஸ்பார் பெரும்பாலும் தடித்த தகட்டிலிருந்து கடைந்து எடுக்கப்படுகிறது. சில பாகங்களில் பத்து கிலோ தகடு வாங்கினால் ஒரு கிலோதான் பறக்கும், ஒன்பது கிலோ சீவலாக விழும். அந்தச் சீவலைக் கலவை வாரியாகப் பிரித்து வைத்தால் நல்ல விலை. கலந்துவிட்டால் சாதாரணப் பழைய அலுமினியம்தான். இங்கேயும் பதிவேடுதான் பணம்.

அதைவிடப் பெரிய சிக்கல் நடைமுறை மூலதனம். விமானப் பாகம் செய்ய அனுமதி பெறுவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். தர முறைக்குச் சான்று, வெப்பப் பதத்துக்குத் தனிச் சான்று, விரிசல் சோதனைக்குத் தனிச் சான்று, பிறகு மாதிரிப் பாகம், அதன் பிறகுதான் முதல் பில். சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது சரக்கை ஏற்றுக்கொண்ட பிறகான நாட்களைத்தான் எண்ணுகிறது. பில் போடுவதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு வட்டி கட்டுவது யார்? திறமை உள்ள பட்டறைக்காரர் இந்தத் தொழிலுக்கு வராததற்குப் பயம் காரணமல்ல, இந்த வட்டிதான் காரணம்.

உலோகத்தின் காலம் முடிந்துவிட்டதா?

நியாயமான கேள்வி. தேஜஸ் போர் விமானத்தின் இறக்கையில் பெரும்பகுதி கார்பன் இழை. போயிங் 787-இன் எடையில் ஏறக்குறைய பாதி இழைப் பொருட்கள். 2023 அக்டோபரில் சேலம் காமலாபுரத்துக்கு விமானச் சேவை மீண்டும் தொடங்கியபோது வந்திறங்கிய ஏ.டி.ஆர். 72 விமானத்துக்கே வெளி இறக்கைப் பெட்டி கார்பன் இழையால் ஆனது. அது 1980-களின் வடிவமைப்பு!

ஆனால் இந்திய வானத்தில் நிறைந்திருக்கும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ஆகியவற்றின் இறக்கைகள் இன்றும் பெரும்பாலும் அலுமினியம்தான். கார்பன் இறக்கையிலும் சக்கரம் மாட்டும் இடம், என்ஜின் தொங்கும் இடம், உடலோடு சேரும் இடம் ஆகியவற்றில் உலோகம் இருக்கிறது. முக்கியமாக, இழைக்கு மாறினாலும் ஆதாரம் வைக்கும் வேலை குறையாது, கூடும். இழையின் உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. அலுமினியத்தில் ஒழுங்கைக் கற்ற ஊர் இழைக்கு மாறிக்கொள்ளும். ஒழுங்கைக் கற்காத ஊருக்கு எந்தப் பொருளும் உதவாது.

கோவை இருக்கிறதே, சேலம் எதற்கு என்றும் கேட்கலாம். 2025 ஜூலையில் எல் அண்ட் டி நிறுவனம் தேஜஸ் மார்க் 1ஏ விமானத்துக்கான முதல் இறக்கைத் தொகுதியைக் கோவையிலிருந்துதான் எச்.ஏ.எல்.-லிடம் ஒப்படைத்தது. சேலத்திலிருந்து மூன்று மணி நேரப் பயண தூரத்தில் இறக்கை தயாராகிறது என்றால் அது போட்டியல்ல, வாய்ப்பு. ஓர் இறக்கைக்குள் ஆயிரக்கணக்கான சிறு பாகங்கள் உண்டு. அவற்றைப் பெரிய நிறுவனம் தானே செய்வதில்லை, நம்பிக்கையான பட்டறைகளைத் தேடுகிறது.

செய்ய வேண்டியவை

முதலாவது, சேலத்தில் பொதுச் சோதனைக் கூடம். இழுவிசைச் சோதனை, அயர்ச்சிச் சோதனை, விரிசல் காணும் கருவிகள், கலவை அறியும் கருவி, அளவு குறிக்கும் பதிவோடு கூடிய வெப்பப் பத உலை ஆகியவை ஒரே இடத்தில் வேண்டும். தனிப் பட்டறையால் இதை வாங்க முடியாது, ஐம்பது பட்டறைகள் வாடகைக்குப் பயன்படுத்த முடியும். மத்திய பாதுகாப்பு அமைச்சகம் 2020-இல் 400 கோடி ரூபாயில் அறிவித்த சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தில், செலவில் 75 சதவீதம் வரை மானியம் என்பது விதி. அந்த மாதிரியில் சேலத்துக்கென ஒரு கூடத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது, படிப்பு. சேலம் அரசு பொறியியல் கல்லூரி 1966 முதல் இருக்கிறது. தனியார் கல்லூரிகளுக்கும் ஐ.டி.ஐ.களுக்கும் இங்கே பஞ்சமில்லை. எல்லோரும் எந்திரம் ஓட்டவே கற்றுத் தருகிறார்கள். பாகத்தை அளந்து, சான்றைச் சரிபார்த்து, தவறு இருந்தால் தயங்காமல் நிராகரிக்கக் கற்றுத்தரும் ஆய்வாளர் படிப்பு வேண்டும். வணிகவியல் மாணவர்களுக்கும் இதில் இடம் உண்டு. தணிக்கை தெரிந்தவருக்கு உலைப் பதிவேடு படிப்பது கடினமல்ல.

மூன்றாவது, சிறியதில் தொடங்குவது. முதல் நாளே இறக்கையின் பிரதான உத்தரத்தைக் கேட்க வேண்டாம். அலுமினிய டிப்பர், பஸ் பாடி, ட்ரோன் சட்டம், விமான நிலையத்தில் பயன்படும் ஏணியும் தள்ளுவண்டியும் என்று தொடங்கலாம். அவற்றிலேயே லாட் எண், சோதனைத் துண்டு, கையெழுத்து என்ற முழு ஒழுங்கையும் பழக வேண்டும். தவறு நடந்தாலும் உயிர் போகாத இடத்தில் பழகுவதுதான் புத்திசாலித்தனம்.

நான்காவதாக, அரசு அல்ல, பட்டறைகளே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தேறாத பாகத்தை எடுத்து வைத்துவிட்டு "இது தேறவில்லை" என்று எழுதும் தொழிலாளியை முதலாளி திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த முறை அவர் எண்ணைத் திருத்துவார். சாபாவில் நடந்தது இந்த ஊரிலும் நடக்கும்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, எடையின் அருமை தெரிந்த வணிக புத்தி இருக்கிறது. இதற்கு முன் மலை மண்ணைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது போல இந்த முறை நிலத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், நாற்பது ஆண்டு கழித்தும் இதே கட்டுரையை வேறு யாராவது எழுத வேண்டியிருக்கும். எனவே பாதுகாப்பு வழித்தடத்தின் பெயரில் சேலத்தில் எழும் முதல் கட்டடம் அலங்கார வளைவாக இருக்க வேண்டாம். அது சோதனைக் கூடமாக இருக்கட்டும்.